வெந்நீர்க் குழாய்

எங்கள் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உப்பைப் பார்த்தே வீட்டுக்காரர் கவனமானவரா இல்லையா என்று சொல்லிவிடலாம். என்னைக் கவனமானவன் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வோர் ஐப்பசியிலும், மார்கழிக் குளிருக்கு முன்னால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஹீட்டரின் அடித்தட்டைக் கழற்றுவேன். உள்ளே சூடேறும் கம்பியில் உப்பு ஓடாகப் படிந்திருக்கும். தட்டினால் பாத்திரத்தில் உதிரும், ஒருமுறை சுட்டு இன்னும் மெருகு பூசாத பீங்கான் சில்லுகளைப் போல. கம்பியைச் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து, மறுபடி மாட்டுவேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில் சூளைகளைக் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். படித்ததும் அதே படிப்புதான். எங்கள் வீட்டு வாஷ்பேசின், ஊறுகாய் ஜாடி, சுவர் ஓடு எல்லாமே சின்னக் குறைக்காக ஆலையில் ஒதுக்கப்பட்டவை. வந்தவர்களிடம் என் மனைவி, "இவருக்குப் பல்லு வுழுந்தாக்கூட அங்கயே சுட்டு வச்சிக்குவாரு" என்பாள்.

குளியலறையில் ஹீட்டருக்குக் கீழே பச்சைத் தண்ணீருக்கு ஒன்றும் வெந்நீருக்கு ஒன்றுமாக இரண்டு பித்தளைக் குழாய்கள் இருந்தன. வெந்நீர்க் குழாயின் ரப்பர் வாஷர் சூட்டில் சீக்கிரம் கெட்டுச் சொட்டும். அடிக்கடி அதை மாற்றி அலுத்துப்போய், அந்தக் குழாயை எடுத்துவிட்டு, உள்ளே பீங்கான் வில்லைகள் வைத்த புதுக் குழாயைப் பொருத்தினேன். ஒன்றின்மேல் ஒன்று சுழலும் இரண்டு வில்லைகள், ரப்பரே கிடையாது. பீங்கானுக்குத் தேய்மானம் இல்லை என்று அவளுக்கு விளக்கினேன். அதில் எனக்கு, நானே செய்த பொருளைப் போல ஒரு பெருமை.

பீங்கான் தேயாதுதான். ஆனால் வில்லைகளுக்கு நடுவே உப்பு புகுந்து இறுகிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டிய படிப்பு எனக்கு இருந்தது.

அடுத்த ஐப்பசியில் ஹீட்டரைச் சுத்தம் செய்து மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள். வலிக்காக மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள்.

"வெந்நிக் குழா திரும்ப மாட்டேங்குதுங்க. பழைய பித்தளயவே போட்டுடுங்களேன்."

திருப்பிப் பார்த்தேன். சற்று முரண்டு பிடித்தது, பிறகு திரும்பியது. நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லி, வில்லைகளின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"பீங்கான் தேயாது, சரி. என் கை தேயுது" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதன்பிறகு அவள் அந்தக் குழாயைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாததைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் எந்தக் காலத்திலும் பின்பக்கக் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பவன். ஹீட்டர் அவளுக்காகத்தான். மார்கழியில் விடியுமுன் எழுந்து சுவிட்சைப் போடுவேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். வாளி நிரம்பும் ஓசையைக் கேட்டபடி காபி கலப்பேன். குளித்து வந்ததும் சுவிட்சை அவளே அணைத்துவிட்டு, வாசலுக்குக் கோலம் போடப் போவாள். சூடு போதுமா என்று ஒருநாள் கேட்டேன். போதும் என்றாள். கோலம் போடும்போது அவள் கை நடுங்கியதா என்று நான் பார்க்கவில்லை. உப்புப் படிந்த ஹீட்டர் காயும்போது கடகடவென்று முனகும். அந்த வருடம் முனகவே இல்லை. நான் செய்த வேலை அவ்வளவு நேர்த்தி என்று நினைத்தேன்.

பங்குனியில் மாரடைப்பில் இறந்துபோனாள். நான் இனிச் சொல்லப்போவதற்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். சம்பந்தமில்லை என்பது எனக்கும் தெரியும். நான் எழுதுவது அவள் உயிரோடிருந்த மார்கழியைப் பற்றி.

தீபாவளிக்கு மகள் வருவதாகச் சொன்னதால் மறுபடி ஹீட்டரைக் கழற்றப் போனேன். தண்ணீரை வடிக்க வெந்நீர்க் குழாயைத் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பேனர் போட்டும் அசையவில்லை. யாரும் தொடாமல் கிடந்ததால் இறுகியிருக்கும் என்று எண்ணி, மேலே இருந்த இணைப்பைக் கழற்றித் தண்ணீரை இறக்கிவிட்டு, அடித்தட்டை எடுத்தேன்.

கம்பி, நான் மாட்டியபடியே இருந்தது.

உப்பு எப்படிப் படிகிறது என்று எனக்குத் தெரியும். புதுத் தண்ணீர் உள்ளே வந்து காயும்போது தன் உப்பை விட்டுச்செல்லும். யாரும் தண்ணீர் பிடிக்காத ஹீட்டரில் அதே தண்ணீர்தான் காய்ந்து ஆறி, காய்ந்து ஆறிக் கிடக்கும். அதில் இருந்த கொஞ்ச உப்பும் ஆரம்பத்திலேயே படிந்து தீர்ந்திருக்கும். ஒரு மார்கழி முழுக்க வெந்நீர் எடுத்திருந்தால் பாத்திரம் நிறைய ஓடு உதிர்ந்திருக்க வேண்டும். என் பாத்திரத்தின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளை மாவு இருந்தது.

மகள் வந்ததும் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பச்ச தண்ணிலதாம்ப்பா குளிச்சிச்சு அம்மா. என்கிட்ட போன்ல சொல்லிச்சு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பைகளை உள்ளே எடுத்து வைத்தாள்.

"ஒருக்கா சொன்னேன், பாடம் எடுத்தாரு, மறுக்கா எதுக்குன்னுச்சு. அந்தக் குழா மேல அவருக்கு அவ்ளோ ஆச, போவட்டும் வுடுன்னுச்சு."

பீங்கான் குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழைய பித்தளைக் குழாயை என் மனைவி துணி சுற்றிப் பரணில் வைத்திருந்தாள். புது வாஷர் போட்டு அதையே பொருத்தினேன். இரண்டு விரலால் திருப்பலாம். மகள் வெந்நீரில் குளித்துவிட்டு ஊருக்குப் போனாள்.

பிறகு ஒரு காலையில் ஹீட்டரைப் போட்டு, இரண்டு குழாய்களையும் மாற்றி மாற்றித் திறந்து கேட்டேன். வெந்நீர் வாளியில் விழும் ஓசை மந்தமானது. பச்சைத் தண்ணீரின் ஓசை கூர்மையானது. கண்ணை மூடிக்கொண்டாலும் வித்தியாசம் தெரிகிறது. அப்படியென்றால் அந்த மார்கழி முழுக்க, காபி டம்ளரோடு நின்று நான் கேட்டது எது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அது இப்போதும் கேட்கிறது. விடியற்காலையில் பால் காயும் நேரத்தில், சாத்திய கதவுக்குப் பின்னால் கூர்மையாக வாளி நிரம்புகிறது. அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறேன். வெந்நீர் இப்போது வருகிறது, அந்தக் குழாயைத் திருப்பு என்று சொல்லத்தான் போகிறேன். கதவைத் திறந்தால் தரை உலர்ந்து கிடக்கிறது.