வலது பக்கத்து லிங்க்

சாப்பாட்டு மேசையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், அக்காவின் மகன் அதை வைத்தான். சுட்டுவிரல் நீளத்தில் ஒரு இரும்பு முளை. அதன் தலையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம். அவன் எதையோ தேடுவதற்காகப் பொக்கற்றிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டான், அவ்வளவுதான். வளையம் மேசைக் கண்ணாடியில் பட்டுக் கிண்ணென்றது. என் கை தானாகப் போய் மேசை துடைக்கும் துணியை இழுத்து அதை மூடியது. "என்ன சின்னம்மா, ஜீப் சாமானுக்குப் போர்வை போத்துறீங்கள்?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு யன்னல் ஒழுங்கையைப் பார்த்துத் திறந்துதான் கிடந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் இப்போது ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். என் கைக்கு இன்னும் தெரியவில்லை.

யுத்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். சாதாரண தரம் வரைதான் படித்திருந்தேன். வடக்கிலிருந்து வந்து அக்காவோடு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்த காலம். யாராவது பெயர் கேட்டாலே நிலத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள் நான். ஸ்டோர் வேலை எனக்கு அதனாலேயே பிடித்தது. சாமான்கள் கேள்வி கேட்பதில்லை. அந்தக் கராஜில் ஒரு வழக்கம் இருந்தது. வாகனத்திலிருந்து கழற்றிய சின்னச் சாமான்களை வெறும் பால்மா டின் ஒன்றில் போட்டு, வாகன இலக்கம் எழுதிய காகிதத்தை ஒட்டி, என்னிடம் தந்துவிடுவார்கள். வேலை முடிகிறபோது டின்னைக் கேட்டு வாங்குவார்கள். டின் வெறுமையாக என் மேசைக்குத் திரும்பி வந்தால்தான் வாகனம் வாசலைத் தாண்டலாம்.

அங்கே வந்துபோன வாகனங்களில் ஒன்று, வடக்குக்கு நிவாரணச் சாமான் கொண்டுபோகும் அமைப்பொன்றின் ஜீப். அதை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணா என்போம். மட்டக்குளிக்காரர். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன மாதா சொரூபத்தை ஒட்டி வைத்திருப்பார். நாற்பது வயதிருக்கும். அவர் வந்தால் கராஜுக்குள் சத்தம் கூடிவிடும். என்னைப் பார்த்தால் மட்டும் குரலைக் குறைத்து, "தங்கச்சி, இண்டைக்காவது ரெண்டு வார்த்தை கதைச்சீங்களா, இல்ல டின்னோட மட்டும்தானா?" என்று கேட்பார். நான் டின்னை நீட்டுவேன். அதுதான் பதில்.

அந்த ஜீப்பில் ஒரு புதினமான சாமான் இருந்தது. முன் சில்லுகள் இரண்டுக்கும் நடுவே வளைந்த கம்பி ஒன்று போகும். ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சரியாமல் பிடித்து வைப்பது அதுதான். தார் ரோட்டுக்கு நல்லது. குண்டும் குழியுமான பாதையில் அதே கம்பி எதிரியாகிவிடும். ஒரு சில்லு மேட்டில் ஏறினால் மற்றச் சில்லையும் சேர்த்து இழுக்கும். அந்தக் கம்பியின் நுனியைக் கீழே சில்லுப் பக்கத்தோடு இணைக்கிற குட்டைத் தண்டுக்குப் பெயர் லிங்க். மற்ற வாகனங்களில் அதை நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். இந்த ஜீப்பில், அமைப்பின் வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் தன் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த லிங்குகளைப் பூட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு பின், வளையம் வைத்த இரும்பு முளை. வளையத்தைப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும், ஸ்பானரே தேவையில்லை. தார் முடிகிற இடத்தில் டிரைவர் அண்ணா இறங்கி இரண்டு பக்கமும் கழற்றுவார். திரும்பி வரும்போது அதே இடத்தில் பூட்டுவார்.

கழற்றுவது சுகம். பூட்டுவதில்தான் வில்லங்கம். வண்டி மட்டமான நிலத்தில் நிற்க வேண்டும். ஒரு சில்லு கொஞ்சம் உயரத்தில் நின்றாலும் மேல் துளையும் கீழ்த் துளையும் நேருக்கு நேர் வராது. எங்கள் கராஜ் தரை ஒரு பக்கம் சரிவு. ஆகவே பின் போகாவிட்டால் டிரைவர் அண்ணா, "யாராவது நல்லா சாப்பிடுற ஆள் வாங்கப்பா" என்று கூப்பிடுவார். தாழ்ந்த பக்கத்து பம்பரில் ஒருவர் ஏறி நிற்பார். வண்டி அந்தப் பக்கம் அமுங்கும். 'டிக்' என்று பின் போய் இருந்துகொள்ளும். ஸ்டோர் யன்னலால் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நான் அப்போது முப்பத்தெட்டுக் கிலோ.

அன்று சனிக்கிழமை. அரைநாள் வேலை. ஜீப்பின் வலது பக்கத்து லிங்கில் றப்பர் மாற்றினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் டின்னைக் கேட்காமலே ஜீப்பை விட்டுவிட்டார்கள். நான் மேசை லாச்சியைப் பூட்டப் போகிறபோதுதான் டின்னுக்குள் பின் கிடப்பதைக் கண்டேன். ஜீப் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. வேறு ஆளாக இருந்தால் அங்கிருந்தே கத்தியிருப்பார். நான் பின்னைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். கண்ணாடியில் என்னைக் கண்டு டிரைவர் அண்ணா பிரேக் போட்டார். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. "ஏறுங்க தங்கச்சி. ஹெவ்லொக் டவுன் ஒபிசுக்குத்தான் போறன், அங்க நிப்பாட்டிப் போட்டுடலாம். உங்களுக்கும் வீட்டுப் பக்கம். அத பாக்ல வைங்க" என்றார். வைத்தேன். குடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடையில்.

ஹெவ்லொக் டவுனுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சோதனைச் சாவடி. கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார்கள். டிரைவர் அண்ணா இடது முன் சில்லை நடைபாதைக் கல்லில் ஏற்றி நிறுத்தினார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பொலிஸ்காரி ஒருத்தி என் பையை வாங்கிக் குடையை எடுத்தாள், சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தாள், பிறகு கையை உள்ளே விட்டவள் அப்படியே நின்றாள். மெல்ல அதை வெளியே எடுத்தாள். வளையம் அவள் விரலில் தொங்கியது. கைக்குண்டின் பின்னிலும் வளையம் இருக்கும் என்று அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சத்தியமாக எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் அது தோன்றியதில்லை. மாதக்கணக்காக அதை டின்னில் போட்டு எடுத்துப் பழகியதில், அது ஜீப்பின் சாமான் என்பதைத் தவிர வேறொன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. டிரைவர் அண்ணா என்னைப் பார்க்காமல் தமிழில், "நீங்க வாயத் திறக்காதீங்க" என்றார். பிறகு கைகளை உயர்த்திக்கொண்டு சிங்களத்தில் சாவடிக்குப் பொறுப்பான சார்ஜனிடம் சொன்னார்: "அது என்ட சாமான் சேர். நான்தான் அந்தப் பிள்ளைட பாக்ல போட்டன். வழியில ஏத்தின பிள்ளை. அதுக்கு இது என்னண்டே தெரியாது."

எனக்குச் சிங்களம் விளங்கும், கதைக்க வராது. அவர் சொன்னது முழுவதும் விளங்கியது. அந்த நேரம் எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. ஒரு ஆறுதலும் வந்தது. வாயைத் திறக்க வேண்டாம் என்று யாரோ சொல்லிவிட்டார், இனி நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்கிற ஆறுதல். இதை இத்தனை வருடம் யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரரை விசாரிக்கவென்று கொண்டுபோய் அப்போது ஏழாவது மாதம். அவருடைய சைக்கிள் மதிலில் சாய்த்தபடி துருவேறிக்கொண்டு நின்றது. கொண்டுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டிரைவர் அண்ணாவுக்கும் தெரியும்.

சார்ஜன் கொஞ்சம் வயதானவர். பின்னை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "வாகனத்துச் சாமான் என்றால் வாகனத்தில் போட்டுக் காட்டு" என்றார். டிரைவர் அண்ணா ஈர ரோட்டில் மல்லாந்து படுத்து வலது சில்லுக்குப் பின்னால் தலையை விட்டார். ஒரு ஆமிக்காரர் துவக்கோடு அவர் காலடியில் நின்றார். இரும்பில் இரும்பு படுகிற சத்தம் கேட்டது. பின் போகவில்லை. திரும்பவும் கேட்டது. போகவில்லை. சார்ஜன் குனிந்து பார்த்தார். மேல் துளை ஒரு இடத்தில், கீழ்த் துளை இரண்டு விரல் தள்ளி. "இது இதற்குரியது இல்லை" என்றார். "போகும் சேர், இப்ப போகும் சேர்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இருக்கவில்லை. எத்தனையோ தடவை பிறரைப் பார்த்து, முதல்ல நிலத்தப் பாருங்கப்பா என்று சொன்ன மனிதர், தான் கல்லில் ஏற்றி நிறுத்தியதை மறந்துபோனார். வண்டியை இரண்டு முழம் நகர்த்தினால் போதும். ஆனால் அந்த நிலைமையில் யார் அவரை ஸ்டார்ட் பண்ண விடுவார்கள்?

எனக்குத் தெரிந்திருந்தது. பின் ஏன் போகவில்லை என்று அந்த ரோட்டில் நின்றவர்களில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஆனால் நான் ஒன்றும் தெரியாத பிள்ளை என்று அவர் சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் அவர் பொய்க்காரர் ஆவார். திறக்காவிட்டால் அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். சார்ஜன் நிமிர்ந்து தன் ஆட்களைப் பார்த்து ஏதோ சைகை செய்தார். அவ்வளவு நேரமும் நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் இரண்டு நிமிடம் இருக்கும். இப்போதும் சில நாட்களில் அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளேயே நிற்கிறேன்.

பிறகு நான் நடந்து போய், ஜீப்பின் முன்னால் வலது பக்கத்து பம்பரில் ஏறி நின்றேன். யாரோ அதட்டினார்கள். பொலிஸ்காரி ஓடி வந்தாள். நான் பொனட்டைப் பிடித்துக்கொண்டு கால்களை ஊன்றினேன். ஜீப் அசைந்ததாகவே தெரியவில்லை. சார்ஜன் என் முகத்துக்கு நேரே வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். என் வாயிலிருந்து மூன்று சிங்களச் சொற்கள் வந்தன.

"சேர், மகே பர மதி."

என் பாரம் போதாது. அவர் என்னைப் பார்த்தார். பம்பரைப் பார்த்தார். கல்லில் ஏறி நின்ற இடது சில்லைப் பார்த்தார். ஒரு கமக்காரர் வண்டிலைப் பார்ப்பது போல மெதுவாகக் குனிந்து கீழே பார்த்தார். பிறகு தடித்த ஆமிக்காரர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். அவர் துவக்கை மற்றவரிடம் கொடுத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் ஏறினார். ஜீப் அமுங்கியது. போதவில்லை. "நீயும் ஏறு" என்று இன்னொருவரை ஏற்றினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பஸ் புட்போர்டில் நிற்பது போல நின்றோம்.

கீழே 'டிக்' என்றது.

சார்ஜன் விடவில்லை. கழற்றச் சொன்னார், பூட்டச் சொன்னார். மூன்றாந்தரம் தானே குந்தி, வளையத்தைப் பிடித்து இழுத்துத் திரும்பப் போட்டார். டிரைவர் அண்ணா எழுந்து நின்றார். முதுகெல்லாம் சேறு. "ஒன்றும் தெரியாத பிள்ளை என்றாயே" என்று சார்ஜன் கேட்டார். டிரைவர் அண்ணா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் இப்பதான் தெரியும் சேர்" என்றார். பம்பரில் நின்ற தடித்தவர் சிரித்துவிட்டார். அடையாள அட்டை இலக்கங்களை எழுதிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்கள்.

ஜீப்புக்குள் நான் மாதா சொரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒபிஸ் வாசலில் இறங்கும்போது, "தங்கச்சி, இனிமே கொஞ்சம் சாப்பிடுங்க" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் தலையாட்டிவிட்டு வெள்ளவத்தைக்கு நடந்தேன்.

அன்று இரவும் மறுநாளும், அவருக்குச் சொல்ல வேண்டியதை அடுக்கிப் பார்த்தேன். என் பையில் இருந்ததை உங்களுடையது என்று சொன்னீர்களே அண்ணா, என்று தொடங்குவது. அடுத்த மாதம் அவர் சேர்விசுக்கு வந்தபோது நான் டின்னை நீட்டினேன். அவர் உள்ளே கிடந்த பின்களைப் பார்த்து, "ரெண்டு" என்றார். "ஓம், ரெண்டு" என்றேன். அதற்குப் பிறகு அந்த அமைப்பு வாகனங்களை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டது. அவரைக் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இருந்தால் எழுபது வயதாவது இருக்கும்.

துணியை விலக்கிப் பின்னை எடுத்துக்கொண்டு அக்காவின் மகன் வெளியே போனான். நண்பர்களோடு காட்டுப் பாதையில் ஓடிவிட்டுக் காலையில்தான் வந்திருந்தான். இன்னும் ஒரு பக்கம் பூட்டவில்லையாம். சிறிது நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவனுடைய ஜீப்பின் ஒரு சில்லு அடுத்த வீட்டு வடிகானை மூடிய சிலாப்பில் ஏறி நின்றது. "அடியாதை தம்பி" என்று யன்னலால் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய், தாழ்ந்த பக்கத்து பம்பரில் ஏறி, பொனட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது நான் எழுபத்தொரு கிலோ. ஜீப் பணிந்து கொடுத்தது. கீழே 'டிக்' என்றது.

"போதும் சின்னம்மா, இறங்குங்கோ" என்றான் அவன், தலையை வெளியே நீட்டி.

நான் உடனே இறங்கவில்லை.