வாய் திறந்தவள்

எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறை. பள்ளியில் மாணவிகள் எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குச் சேவைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் குழுவில் ஒருத்தி, மெலிந்த பெண், பேசும்போது தாவணி நுனியால் வாயை மூடிக்கொள்வாள். வரிசையில் இருந்த நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்க அவள் முறை வந்தபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை.

"ஏளா, கூப்பிடு. நாங்க இருக்கோம்லா" என்று கையைப் பிடித்துக்கொண்டோம். விடுமுறை முடிவதற்குள் அவள் குரல் வாசல்வரை கேட்டது.

பள்ளி திறந்தும் அவள் வராததால் வீட்டுக்குப் போனேன்.

"கல்யாணம் வேண்டாம், படிக்கணும்னு எதுத்துப் பேசுதா. ஆஸ்பத்திரியில வாய் கத்துக்கிட்டு வந்திருக்கா. இனி பள்ளிக்கூடம் கிடையாது" என்றார் அவள் அப்பா.

"நான் படிக்கணும்ப்பா!" உள்ளிருந்து அவள் கத்தினாள்.

அவர் கதவைச் சாத்தினார். அவள் நிறுத்தவில்லை. தெருமுனைவரை அதைக் கேட்டு அழுதுகொண்டே நடந்தேன். பிறகு அவளை நான் பார்க்கவேயில்லை.