மாஸ்ரரின் மேட்டுநிலம்

டேனிஷ் நகரமான சில்க்போர்க்கில் எனக்கு முதலில் கிடைத்த வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு குசினியும் இருந்தன. மற்ற அறையில் எத்தியோப்பியர் ஒருவர் இருந்தார். நாற்பதைக் கடந்தவர், மெலிந்து உயர்ந்தவர். தன் நாட்டில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று அறிந்ததும் எங்களூர் வழக்கப்படி அவரை மாஸ்ரர் என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் என்னைச் சகோதரம் என்பார். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் டேனிஷ், மிச்சத்துக்குக் கைகள். அவர் பேசியதை இங்கே என் பேச்சில்தான் எழுத முடிகிறது.

அது எண்பத்தேழின் கடைசி. என்னை அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஏற்கப்பட்டவர் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்வது இந்த நாட்டுச் சட்டம் கொடுத்த உரிமை. நானும் உடனே பொலிஸ் நிலையத்தில் விண்ணப்பித்தேன். சில மாதங்களில் வந்துவிடுவார்கள் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டதும் மனைவி இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தாள். விசா வரும்வரைக்கும் என்றுதான் எடுத்தாள். மாதங்கள் போயின. அவளால் திரும்பி ஊருக்குப் போக முடியவில்லை, முன்னே வரவும் முடியவில்லை. எனக்கும் அப்படித்தான். எனக்குத் தந்த பயணப் பத்திரத்தில் இலங்கையைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம்.

தளபாடத் தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களைத் தேய்த்து வழுவழுப்பாக்குவது என் வேலை. அது முடிந்தால் பஸ், பிறகு வீடு, பிறகு குசினி. மாஸ்ரர் குசினியில் இருப்பார். அவர் ஒரு சட்டியில் மாவைக் கரைத்து, புளிப்பதற்காக ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். என் தோசை மாவும் அதே ஹீற்றருக்குப் பக்கத்தில்தான் பொங்கும். வெள்ளிக்கிழமைகளில் நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடுவதில்லை. அவரும் புதனிலும் வெள்ளியிலும் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார். அவர் பழைய வழி கிறிஸ்தவர். வெள்ளிக்கிழமைகளில் ஒரே சட்டிப் பருப்பை இருவரும் சாப்பிட்டோம்.

காலையில் என்னைக் கண்டால் அவர் லேசில் விடமாட்டார். இரவு எப்படிப் போனது, உடம்பு எப்படி, கொழும்பில் மனைவி எப்படி, மூத்தவள் எப்படி, இளையவள் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவருடைய ஊரில் வணக்கம் சொல்வதே அப்படித்தானாம். அங்கே மாட்டையும் கழுதையையும் விசாரிக்காமல் விட்டால் மரியாதைக் குறைவு. எல்லாவற்றுக்கும் நல்லது என்றே பதில் சொல்லவேண்டும். வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் முதலில் நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் சாவைச் சொல்வார்கள். நானும் பழகிக்கொண்டேன். எல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

அவருடைய மாவட்டம் கொந்தர் நகருக்கு வடக்கே, அம்ஹாரா மக்கள் வாழும் மேட்டுநிலத்தில் இருந்தது. மலை என்றால் கூம்பாக நிற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும். அவர் குசினி மேசையைக் கையால் தடவிக் காட்டினார். மேலே இப்படித்தான் பரந்து கிடக்கும். வாற்கோதுமை வயல்கள், கல் அடுக்கிக் கட்டிய வட்ட வீடுகள், பனி விழும் விடியல்கள். பிறகு கையை மேசை விளிம்புக்குக் கொண்டுபோய் அப்படியே கீழே விட்டார். நிலம் அங்கே அறுந்துவிடும். செங்குத்தான பாறைச் சுவர், அடியில் ஆறு, ஆற்றுக்கு அப்பால் அதே உயரத்தில் இன்னொரு மேசை. பாதி இறக்கத்தில் தெஃப் என்ற சிறுதானியம் விளையும். அடிவாரத்தில் வெக்கை, சோளம், மலேரியா. ஒருவரை எந்த ஊர் என்று கேட்பதற்கு முன் எந்த உயரம் என்று கேட்பார்களாம். பெருமழை தொடங்கினால் இறங்கும் பாதைகள் சரிந்துவிடும். மழை ஓயும்வரை ஒவ்வொரு மேசையும் தனித்தனி.

அந்த ஊரை அவர் புகழ்ந்து நான் கேட்டதில்லை. மரமென்று நிற்பது தேவாலயத்தைச் சுற்றி மட்டும்தான், மற்றதெல்லாம் வெட்டி எரித்தாயிற்று என்பார். சனங்கள் வரப்புக்காக வழக்குப் பேசியே வயசாகிறவர்கள் என்பார். அவருடைய தகப்பனின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒரு வரப்புச் சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டான். அதற்குப் பழி உறவில் யார்மேலும் விழலாம் என்று பயந்து தகப்பன் பல வருடங்கள் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகாமல் வீட்டு வேலிக்குள்ளேயே இருந்தாராம். செஞ்சிவப்பு நெஞ்சுள்ள குரங்குகள் பாறை விளிம்பிலிருந்து ஏறிவந்து வயலை மேய்வதைக்கூட அந்த வருடங்களில் தகப்பன் மற்றவர்களிடம் கேட்டுத்தான் அறிந்தாராம்.

வசந்தத்தில் மொழி வகுப்பிலிருந்து எங்களை ஹிம்மல்பியேர்கெட்டுக்குக் கூட்டிப்போனார்கள். சில்க்போர்க்கில் இருக்கிறவர்களுக்கு அது பெருமை. பெயருக்கு வான்மலை என்று பொருள். ஏரிக்கரையிலிருந்து காட்டுப் பாதையால் ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. உச்சியில் செங்கல் கோபுரத்துக்குக் கீழே நின்று ஏரியைப் பார்த்தபோது, இவ்வளவு உயரத்தில் நான் நின்றதே இல்லை என்று நினைத்தேன். மாஸ்ரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் மிகவும் பணிவாக, மலைக்கு இனி எவ்வளவு தூரம் என்று கேட்டார். அந்த அம்மா, நாங்கள் அதன் மேல்தான் நிற்கிறோம் என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது, டீச்சரும் சிரித்தார். மாஸ்ரருக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. யாரையும் நோகடிக்க நினைத்துக் கேட்ட கேள்வி அல்ல அது.

டீச்சர் அவரை அவருடைய மலைகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவர் அன்றைக்கு ஒன்றைத்தான் சொன்னார். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்தில் பிறந்த பெண்ணை அந்தப் பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுப்பார்கள். தாய் தன் முற்றத்தில் நின்று மகளின் கூரையிலிருந்து புகை எழும்புவதைத் தினமும் பார்ப்பாள். காற்று வளமாக இருந்தால் கூப்பிட்டுக்கூடக் கதைக்கலாம். ஆனால் இறங்கி ஏறிப் போய் மகளைத் தொடுவதற்கு ஒரு முழுநாள் வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. எங்களுடைய கேள்வியெல்லாம் எத்தனை தூரம் என்பதல்ல, நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் என்று சொல்லி முடித்தார். டேனிஷில் அவர் பிழையில்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவருடைய மனைவி அந்த மேட்டுநிலத்தில்தான் இருந்தாள். ஆட்சிக்கு எதிரானவர்கள் என்று ஆசிரியர்களைப் பிடிக்கச் சிப்பாய்கள் வந்தபோது மழை தொடங்கிவிட்டிருந்தது. சரியத் தொடங்கிய பாதையில் பின்தொடர யாராலும் முடியாது என்று தெரிந்து அவர் இறங்கிவிட்டார். கைக்குழந்தையோடு அவளால் இறங்க முடியவில்லை. பிறகு ஒரு வறண்ட காலத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு அவள் சூடான் எல்லைவரை நடந்து, கெடாரிஃப் முகாமுக்கு வந்து சேர்ந்தாள். அந்தச் செய்தி கிடைத்த அன்றே மாஸ்ரர் நான் போன அதே கவுண்டருக்குப் போய் விண்ணப்பித்தார். நான் விண்ணப்பித்து அதற்குள் நெடுநாளாகியிருந்தது.

இலையுதிர் காலத்தில் அவர் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்தது.

மாஸ்ரர் அதை என்னிடம் சொல்ல இரண்டு மூன்று நாட்கள் எடுத்தார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன்.

ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். அவர் மனைவி யாரோ கொடுத்த பெரிய குளிர்க்கோட்டுக்குள்ளே வெள்ளைப் பருத்திச் சேலை போன்ற ஒன்றைச் சுற்றியிருந்தாள். மகள் தகப்பனைப் பார்க்காமல் ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின் அந்தப் பெண் கணவனிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். அவர் தட்டுகளை எடுத்து அடுக்கினார். அவள் திரும்பவும் கேட்டாள். நான் என்னவென்று கேட்டேன்.

"உங்கடை மனுசி எங்கை எண்டு கேக்கிறாள். ஏன் இன்னும் வரேல்லை எண்டு," என்றார். "இவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல, சகோதரம்?"

அந்த வீடு இனி அவர்களுக்கு. நகரசபையான கொம்யூன் எனக்கு வேறு தெருவில் ஒற்றை அறை ஒன்று தந்தது. சாமான்களைத் தூக்கி வந்து வைத்துவிட்டு மாஸ்ரர் போகவில்லை. நாளைக்கு நானும் உங்களோடு பொலிசுக்கு வருகிறேன் என்றார்.

கவுண்டரில் எப்போதும் இருக்கிற அதே மனிதர்தான் இருந்தார். ஓய்வுக்கு நெருங்கிய வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. என்னைக் கண்டதும் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார்: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. மாஸ்ரர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவர் எனக்கு முந்திப் போட்டவர். ஒரே இடம், ஒரே சட்டம். என்ரை மனுசியும் பிள்ளையும் வீட்டிலை இருக்கினம். இவரின்ரை ஆக்கள் எங்கை?"

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "இஞ்சை ஒண்டும் மறிபடேல்லை. நாங்கள் எங்கடை வேலையை எப்பவோ முடிச்சு அனுப்பிட்டம். கொப்பன்ஹேகனிலை நிக்குது. தமிழரின்ரை விண்ணப்பம் எல்லாம் அங்கைதான் நிக்குது. இதுக்கு மேலை என்னைக் கேக்காதேங்கோ."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். அதுவரை என் விண்ணப்பத்தில் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையெழுத்து, ஒரு பிறந்த திகதி, ஏதோ ஒன்று. பிழை நான்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அல்பர்ட்ஸ்லுண்ட், ஓகூஸ் என்று வேறு நகரங்களில் இருந்த எங்கள் ஆட்களுக்கு போன் எடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள்.

இதை மனைவிக்குச் சொல்லவேண்டும். குறித்த நேரத்துக்கு அவள் வெள்ளவத்தையில் ஒரு தொலைபேசிக் கடைக்கு வருவாள், நான் இங்கிருந்து எடுப்பேன். அந்த முறை நான் சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டாள். கடையில் வேறு ஆட்கள் நிற்கிற சத்தம் கேட்டது.

"உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள். "நீங்கள் எங்களுக்குப் போட்டனீங்களோ, இல்லையோ?"

போட்டேன் என்றேன். லொட்ஜில் பக்கத்து அறைப் பெண்ணின் கணவன் பிரான்சில் வேறொருத்தியோடு இருக்கிறானாம், அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தானாம் என்றாள். பிறகு இளையவளைப் பேச விட்டாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. பாராளுமன்றத்தில் கேள்விகள் வந்தன. நிறுத்திவைத்த விண்ணப்பங்களை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். என் குடும்பம் வந்து இறங்கியபோது மூத்தவள் தாயின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். இளையவள் என்னை அங்கிள் என்றாள். மாஸ்ரரின் மனைவி கோப்பியை எங்கள் வீட்டிலேயே வறுத்து, இடித்துக் காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. அப்படியிருந்தும் பின்னேரம் முழுக்க ஒருத்தியை ஒருத்தி விடவில்லை. என்னோடு மட்டும் மனைவி அளந்து பேசினாள். அந்தச் சந்தேகம் அவளோடு பிளேனில் ஏறி வந்திருந்தது. நான் அதைக் கிளறவில்லை, அவளும் கிளறவில்லை.

மாஸ்ரர் குடும்பம் ஓகூஸுக்குப் போனது. எத்தியோப்பியாவில் ஆட்சி விழுந்தபின் அவர் ஒருமுறை ஊருக்குப் போய் வந்தார். அடிவாரத்திலிருந்து ஏறும்போது மூச்சு முட்டிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். கீழ்நாட்டுக்காரன் ஒருவனை ஏற்றுகிறோம் என்று நினைத்து ஊர்ப் பெடியள் கோவேறு கழுதை கொண்டுவந்தார்களாம். தான் இன்னாருடைய மகன் என்று அம்ஹாரிக்கில் சொன்னதும், அந்த வீட்டுக்காரர்களோடு தங்களுக்கு வரப்பு வழக்கு இருக்கிறதே என்று ஒருவன் சொன்னானாம். அதைச் சொல்லி அவர் மனம்விட்டுச் சிரித்தார்.

தொண்ணூற்று மூன்றின் தொடக்கத்தில், ஒரு பின்னேரம் டிவியில் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்ததை விசாரணை அறிக்கை சொல்லிவிட்டது, அரசாங்கம் பதவி விலகுகிறது. மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் டேனிஷ் முழுதாகப் பிடிபடவில்லை. மூத்தவளைச் சொல்லச் சொன்னாள். அவள் சொன்னாள். திரும்பவும் சொல்லச் சொன்னாள்.

"அப்பா நேரத்துக்குப் போட்டவர் அம்மா. அவைதான் வேணுமெண்டு எடுக்காமல் வைச்சிருந்தவை."

மனைவி மடித்த துணியை மடியில் வைத்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். லொட்ஜ்காரர் பொழுதுபடக் கேற்றைப் பூட்டிவிடுவார். பிள்ளைகள் விளையாட மாடிப்படி மட்டும்தான். பொலிஸ் வந்து அறை அறையாகப் பதிவு பார்க்கும்போது இளையவள் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். பக்கத்து அறைப் பெண் ஒருநாள் பெட்டியோடு இறங்கிப் போனாள், திரும்பி வரவில்லை. வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் இவற்றில் ஒன்றையும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் டிவியை நிறுத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மூத்தவள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனாள்.