ஆட்டோவில் எரிந்த கலோரி

என் அக்காவுக்குச் சர்க்கரை நோய். எடை குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம், இதயத் துடிப்பை வைத்து எவ்வளவு கலோரி எரிந்தது என்று காட்டும். அது காட்டிய அளவுக்கு அவள் சாப்பிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை சிவாஜிநகரிலிருந்து விவேக் நகர் சர்ச்சுக்கு ஆட்டோவில் போனோம். மீட்டர் போடாத டிரைவரோடு வழியெல்லாம் கன்னடத்தில் சண்டை போட்டாள். இறங்கியதும் மணிக்கட்டைக் காட்டினாள்.

"பாரு, எவ்ளோ எரிஞ்சிருக்கு. ஒரு மைசூர்பாக் சாப்பிடலாம்."

"நீ உக்காந்துதானேக்கா வந்த?"

"நெஞ்சு அடிச்சுதில்ல? மிஷின் பொய் சொல்லுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் அடிக்கும் நெஞ்சையும் நடையில் அடிக்கும் நெஞ்சையும் பிரித்தறியாத ஒன்றை நோயாளியின் கையில் கட்டிவிடுகிறார்கள். தோராயம் என்ற சொல் அந்தத் திரையில் எங்கும் இல்லை.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. முதல் ஊசியை நான்தான் போட்டேன். பயத்தில் அவளுக்கு வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. ஊசியை எடுத்ததும் அவள் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

"ஒரு இட்லிக்கு ஆச்சு," என்றாள்.