கால் என்னுடையது, கை அவருடையது

துப்பாக்கி விளையாட்டு என்றாலே எனக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிடுவார். டுமீல் டுமீல் என்று யாரையாவது சுட்டுக்கொண்டே இருப்பார். போட்ட சோறு தட்டிலேயே ஆறிப்போகும். அந்த ஆள் உங்களுக்கு என்ன பாவம் செய்தான் என்று கேட்டால், தலையைத் தூக்காமலே அவன் எதிரி என்பார். எதற்கு எதிரி, எந்த ஊர்க்காரன், அதெல்லாம் அவருக்கே தெரியாது.

அப்படிப்பட்ட நான் இன்றைக்கு ஒரு துப்பாக்கி விளையாட்டின் நிறைகுறைகளை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் என் நேரம்.

நாங்கள் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிற அறையில் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துப் போட்டபோது அவர் அதைக் கேட்டு வாங்கி, பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். போனில் சுட்டது போதாதாம், பெரிய திரையில் சுட வேண்டுமாம். இணையத்தில் தேடி ஒரு விளையாட்டை வாங்கினார். வாங்குமுன் ஒரு வரி படித்துப் பார்த்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும். துப்பாக்கிப் படம் இருந்தது, வாங்கிவிட்டார். திறந்தால், இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்டது. அவர் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அதையேதான் கேட்டது. கடைசியில் அடுப்படிப் பக்கம் திரும்பி, ஒருக்கா வந்து உட்காரு கண்ணு என்று கெஞ்ச வேண்டியதாகப் போயிற்று.

அந்த விளையாட்டில் ஒரே உடம்பு, அதற்கு இரண்டு ஆள். ஒருவருக்குக் கால். நடப்பது, ஓடுவது, குனிவது, தலையைத் திருப்பிப் பார்ப்பது எல்லாம் அவர் பாடு. இன்னொருவருக்குக் கை. துப்பாக்கி பிடிப்பது, சுடுவது, கதவு திறப்பது, கீழே கிடப்பதை எடுப்பது அவர் பாடு. இரண்டு பேருக்கும் தெரிகிற காட்சி ஒன்றுதான். கையை என் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை, கால் என் தலையில் விழுந்தது.

எங்களுக்கு அது புதிதாகவே இல்லை. நாங்கள் பழகியதே அப்படித்தான். ஓவர்லாக் மிஷினில் அவர் டெய்லர், நான் அவருக்குக் கைமடி. வெட்டிய பீஸை வரிசைப்படுத்தி அவர் கைக்குக் கொடுப்பதும், தைத்து விழுவதை எடுத்து அடுக்குவதும் கைமடி வேலை. மிஷின் சத்தத்தில் பேசினால் காதில் விழாது. அவர் தோள் அசைவதைப் பார்த்தே அடுத்த பீஸை நீட்டிவிடுவேன். வருஷக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் அந்த மேசையிலேயே எங்கள் கல்யாணம் முடிவாகிவிட்டது. அவர் ஊர் குண்டடம், என் ஊர் பல்லடம். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் என்று இரண்டு வீட்டிலும் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும்.

விளையாட்டில் வருவது ஆளில்லாத ஒரு மலையூர். விடாமல் மழை பெய்கிறது. பூட்டிய கடைகளுக்குள்ளிருந்து மண்ணால் செய்த மாதிரி ஆட்கள் எழுந்து வருவார்கள். இந்த விளையாட்டில் சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதுதான் பெரிய வேலை. ஒன்றைச் சுட்டால் அந்தச் சத்தத்துக்கு நாலு வரும். துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நின்றால், கிட்டே வந்து பார்த்துவிட்டு அதுபாட்டுக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் இதைத்தான் முதல் நிறை என்பேன். அவருக்கோ கை பரபரக்கும். நான் என்ன செய்வேன், தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சுடுவார்? வெறும் சுவரைத்தான் சுட வேண்டும். கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைக்காத அதிகாரத்தை அந்த விளையாட்டு கொடுத்தது.

குறைக்கும் பஞ்சமில்லை. கதை என்று ஒன்று சொல்கிறார்கள், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. அந்த ஊர் ஏன் காலியானது என்று கடைசி வரை சொல்லவே இல்லை. படிக்கட்டில் கால் மாட்டிக்கொண்டால் மாட்டியதுதான், முதலிலிருந்து ஏற வேண்டும். உனக்கு ஆடத் தெரியவில்லை, அதுதான் படிக்கட்டைக் குறை சொல்கிறாய் என்பார். சரி, அவர் கை மட்டும் என்ன வாழ்ந்ததாம்? ஒரு குண்டு சுட்டதும் நிறையக் குண்டு மீதமிருக்கும்போதே துப்பாக்கியைத் திறந்து நிரப்புவார். தைக்கும்போதும் அப்படித்தான், ஒவ்வொரு தையல் முடிந்ததும் நூலை ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார். திரையில் தெரிவது யாரோ வரைந்த கை, உறை மாட்டிய கை. ஆனாலும் அது அவர் கைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பிறகு அவர் ஜோர்டான் போனார். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். இங்கே ஆர்டர் குறைந்திருந்த சமயம் அது. போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் எங்கேயாவது போயிருந்தார்கள், நான் மட்டும் எந்த வாயால் சொல்வது? அவர் ஒரு லேப்டாப் எடுத்துக்கொண்டு போனார். நான் செக்கிங் மேசைக்கு மாறினேன். அவர் இல்லாத மிஷினுக்குக் கைமடி போக எனக்கு மனசில்லை.

எங்களுக்கு ஞாயிறு லீவு, அவர்களுக்கு வெள்ளி லீவு. வெள்ளிக்கிழமை எனக்கு ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். அதுதான் எங்கள் நேரம். வெள்ளிக்கிழமையானால் பக்கத்து மேசையில் துணி பார்க்கிற தென்காசிக்காரம்மா சும்மா இருக்க மாட்டார். "என்ன மதினி, இன்னைக்குக் கோயிலா, துப்பாக்கியா?" என்பார். சாமி எங்கே போகப்போகிறது, அது அங்கேயேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வேனில் ஏறிவிடுவேன்.

அந்த விளையாட்டைத் தனியாக ஆட முடியாது. இணையத்தில் எல்லாரும் இதைத்தான் பெரிய குறை என்று திட்டியிருக்கிறார்கள். ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்று தெரியாத ஜனங்கள். ஆனால் ஒருவர் மட்டும் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் எழுதவில்லை, எனக்குத் தெரியும். நான் முதலில் வந்துவிட்டால் கால் நடக்கும், கை இரண்டும் செத்ததுபோலத் தொங்கும். ஒரு கதவைத் திறக்க முடியாது, கீழே கிடப்பதை எடுக்க முடியாது. தொங்குகிற கையோடு மழையில் சும்மா நடந்துகொண்டிருப்பேன். அவர் வந்ததும் அந்தக் கை மெல்ல மேலே எழும்பும். உள்ளங்கையை ஒரு தரம் விரித்துக் காட்டுவார். வந்துட்டேன் என்று அதற்கு அர்த்தம். வாரம் முழுக்க அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் துணியில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீடியோ காலில் முகத்தைப் பார்ப்பதைவிட எனக்கு அந்தக் கை எழும்புவதுதான் பிடித்திருந்தது. முகத்தைப் பார்த்தால், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், தண்ணி வந்துச்சா, வந்துச்சு, இவ்வளவுதான் பேச்சு. கையோடு நடந்தால் கூடவே இருந்தார்.

பேசிக்கொண்டே ஆடினால் படம் திக்கும், அதனால் போனை ஓரமாக வைத்துவிடுவோம். அதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அப்படியே போய் ஒரு நாள் கடைசிக் கதவுக்கு வந்துவிட்டோம். அதைத் திறந்தால் என்ன நடக்கும் என்று ஆடியவர்கள் எழுதியிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் ஒரே உடம்பு இரண்டாகப் பிரியும். அதுவரைக்கும் காலாகவும் கையாகவும் இருந்தவர்கள் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு எல்லாம் அழிந்துவிடும், ஆட வேண்டுமென்றால் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைவிட நல்ல முடிவை எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அழிப்பதற்கு இவர்கள் யார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

அன்றைக்கு அவர் போனில் சொன்னார், இந்தக் கதவை இப்போது திறக்க வேண்டாம், நான் ஊருக்கு வந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திறந்துகொள்ளலாம் என்று. எனக்கு உடனே புரிந்தது. எங்கள் செக்‌ஷனில் ஒரு பழக்கம் உண்டு. நாளைக்கு வேலைக்கு வருகிறவன், தைக்கக் கொடுத்த பீஸ் கட்டு முழுவதையும் முடிக்க மாட்டான். பாதி தைத்த பீஸ் ஒன்றை ஊசிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான். கம்பெனி மாறப்போகிற டெய்லர் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொத்தக் கட்டையும் தைத்து முடித்து, மேசையைத் துடைத்துவிட்டுப் போவான். சுத்தமான மேசையைப் பார்த்ததும் கைமடிக்குத் தெரிந்துவிடும், திங்கட்கிழமை அவன் வரமாட்டான். அவர் அந்தக் கதவைப் பாதித் தையலாக விட்டுவைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பழைய தெருக்களில் சும்மா சுற்றிவிட்டு, முடிக்கிறபோது அந்தக் கதவின் முன்னால் வந்து நிற்போம்.

ஒப்பந்தம் முடிய மாசக் கணக்குத்தான் பாக்கி என்று ஆனபோது நான் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அவர் எப்போது வருகிறார் என்று என் மாமியார் இரண்டு தரம் கேட்டுவிட்டார். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அந்த வெள்ளிக்கிழமை, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்தேன். போன வாரம் விட்ட இடத்திலேயே கதவைப் பார்த்தபடி உடம்பு நின்றுகொண்டிருந்தது. கை தொங்கியது, பிறகு எழும்பியது. உள்ளங்கையைக் காட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டவில்லை. கடைத்தெருப் பக்கம் திரும்பலாம் என்று நான் நினைப்பதற்குள் அந்தக் கை நேராக நீண்டு, கதவின் பிடியைப் பிடித்துத் தள்ளியது.

கதவு திறந்துகொண்டது. உள்ளே ஒரே வெளிச்சம். அந்தப் பக்கம் போவதற்கு நான் கால் எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. எனக்கு வெளிச்சமும் தெரியவில்லை ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்ட மேசைதான் தெரிந்தது. இந்த மனுஷன் வரப்போவதில்லை.

நான் காலை அசைக்கவில்லை. கை முன்னால் நீண்டு, வா வா என்று கூப்பிட்டது. நின்றேன். மறுபடியும் கூப்பிட்டது. கல்லு மாதிரி நின்றேன். ஓரமாக வைத்திருந்த போன் அடித்தது.

"எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்றேன்.

"ஆமா கண்ணு. இன்னொரு ரெண்டு வருசத்துக்கு. சொல்லோணும்னுதான் இருந்தேன், வாயில வரல" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வெள்ளையடித்ததைச் சொன்னேன். அவருடைய அம்மாவுக்கு நானா பதில் சொல்வது என்று கேட்டேன். எழுதிக் கொடுக்கிறபோது என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாக்கு அறுந்து விழுந்திருக்குமா என்றேன். கதவு வரைக்கும் வைத்திருந்து அதையும் முடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டுமா என்றேன். நான் மூச்சு வாங்கி நிறுத்தின பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"முடிக்கறதுக்கு இல்ல புள்ள. எதுத்தாப்புல நின்னு உன்னைய ஒருக்கா பாக்கோணும்னு இருந்துச்சு. இன்னும் ரெண்டு வருசம் பாக்க முடியாதல்லோ. அதுலயாவது பாத்துக்கலாம்னுதான்."

கோபம் போகவில்லை, ஆனால் அதைப் பிடித்துவைக்கவும் முடியவில்லை.

"எனக்கு அந்தப் பொம்மை வேண்டாங்க. நீங்கதான் வேணும். வந்து இங்க உக்காந்து தொறந்துக்கலாம், இப்பச் சாத்துங்க" என்றேன்.

அந்தக் கதவைச் சாத்த முடியுமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இணையத்தில் யாரும் எழுதியதில்லை, திறந்தவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். பேசிக்கொண்டிருந்ததால் படம் திக்கித் திக்கி வந்தது. கை பிடியைப் பிடித்தது, இழுத்தது, நடுவில் நின்றுபோனது. மறுபடியும் இழுத்தது. வாசலில் நின்றிருந்த எங்கள் உடம்பே அதற்குத் தடையாக இருந்தது.

"ஒரு எட்டு பின்னால போ, கண்ணு" என்றார்.

நான் பின்னால் போனேன். அவர் சாத்தினார். நான் அழுவது அவருக்குக் கேட்டது, அவர் அழுவது எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.