கல்லுக்கு ஒரு பீடி

என் மனைவி கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனபோது இரண்டு மாடுகளையும் கூடவே ஓட்டிக்கொண்டு போனாள். நியாயம்தான். அவற்றின் தீனியை எரித்தவன் நான். அறுபதுகளின் நடுவில் இரண்டு வருடமாக மழை இல்லை. அவள் இண்டூரில் தன் அப்பாவிடம் கேட்டு வண்டியில் கொண்டுவந்து அடுக்கிய வைக்கோல் போரில் நான் எறிந்த பீடித் துண்டு விழுந்தது. பதினெட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினோம். அது எங்களுடைய இரண்டு நாள் தண்ணீர். வைக்கோல் ஒரு பிடிகூட மிஞ்சவில்லை.

“இன்னிக்கு வைக்கப்போரு, நாளைக்கு வூடு,” என்றாள். “பீடிய வுட்டுட்டு வந்து கூப்புடுங்க, வரன்.”

அப்போது நான் நாளொன்றுக்கு முப்பத்தொரு பீடி குடித்தேன். உத்தேசமாகச் சொல்லவில்லை, எண்ணியது. எங்கள் வீடு தர்மபுரி ஓரத்தில். நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் இண்டூரில். அதனால் கோபித்துக்கொண்டு போனவள் கையாலேயே பகல் சாப்பாடு கிடைத்தது. வாசலில் உட்காரவைத்துப் போடுவாள்; உள்ளே விடமாட்டாள். இரவுக்கு நானே கிளறிய கேழ்வரகுக் களி. ஒருநாள் அதில் ஒன்பது கட்டிகள் இருந்தன.

ஒரேயடியாக விட்டுவிட மூன்று முறை முயன்றேன். ஒருமுறைகூட முதல் பாடவேளையைத் தாண்டவில்லை. ஆகவே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். சைக்கிளில் போகும் வழியில் ஏழு மைல் கற்கள். கல்லுக்கு ஒரு பீடி. கல் இல்லாத இடத்தில் பீடி கிடையாது. போக ஏழு, வர ஏழு. அதில் நிலைத்த பிறகு கல் கல்லாகக் குறைப்பது என்று திட்டம். குறைக்கும் நாள் மட்டும் வரவேயில்லை.

“நேத்து எத்தன?” சோறு போடும் முன்பே கேட்பாள்.

“பதினாலு.”

மாமனார் மகளுக்குப் பயந்து மாட்டுக்கொட்டகையில் நின்று புகையிலை மெல்லுகிறவர். அங்கிருந்தே, “மாப்ள பாதிக்கு மேல கொறச்சிட்டாரு, கூடப் போம்மா,” என்றார்.

“அப்ப நானும் பாதி தூரம் போயி நின்னுக்கட்டுமாப்பா?”

அந்தச் சமயத்தில் சாலைக்காரர்கள் மைல் கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டார்கள். ஏழு கல் பதினொன்று ஆயிற்று. நான் சட்டத்தை மீறவில்லை, கல்தான் பெருகியது. மெட்ரிக் அளவையின் நன்மைகள் என்ற பாடத்தை அந்த வாரம் நடத்திய உற்சாகத்தோடு நான் வேறெந்தப் பாடத்தையும் நடத்தியதில்லை.

“நேத்து எத்தன?”

“கல்லுக்கு ஒண்ணுதான்.”

கரண்டி பாதியில் நின்றது. “கேக்காமயே எண்ணிச் சொல்ற ஆளு. இன்னிக்கு எண்ணிக்க எங்க போச்சு? அப்பா கொல்லை ஓரமா புதுசா ஒரு கல்லு நட்டிருக்காங்க. நாலு நாளா உங்க சைக்கிளு அங்க நிக்குது.”

“இருபத்திரண்டு,” என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“கல்லு இல்லாத எடத்துல பீடி இல்ல. அதான உங்க சட்டம்?”

“சட்டம்னா சட்டம்தான்.”

“அப்ப நாளையில இருந்து ஏரிக்கர வண்டிப்பாதையில வாங்க. அங்க ஒரு கல்லும் கெடையாது.”

கொட்டகையில் மெல்லும் சத்தம் நின்றது.

“அது சுத்து வழி புள்ள.”

“சென மாடே அப்படித்தான் வந்துச்சு.”

வண்டிப்பாதையில் முதல் நாளே இரண்டு முறை பஞ்சர். சட்டைப் பையில் வறுத்த புளியங்கொட்டை; பீடி நினைப்பு வரும்போதெல்லாம் ஒன்று. கரும்பலகையில் நான் போட்ட பூஜ்யங்கள் உருளைக்கிழங்கு போல இருந்தன. ஐந்தாம் நாள் அவளிடம், “வழியில பனமரம் இருநூத்தியாறு,” என்று மெல்ல ஆரம்பித்தேன்.

“எண்ணுங்க. பத்தவைக்காதீங்க.”

ஒன்பதாம் நாள் காலை முடியவில்லை. பெட்டிக்கடையில் ஒரே ஒரு பீடி வாங்கிக்கொண்டு சாலைக்குப் போய் முதல் கல்லருகே நின்றேன். பீடி உதட்டில், தீக்குச்சி கையில். குனிந்தபோது கண்ணில் பட்டது: இண்டூர் 10. அத்தனை நாள் ஒவ்வொரு கல்லிடமும் நின்று புகைவிட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. வாத்தியார் வேலை வேறு. இந்த ஒன்றைக் கொளுத்தினால் அவள் அந்தப் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலேயே இருந்துவிடுவாள் என்று தோன்றியது. தீக்குச்சியைப் பெட்டிக்குள் வைத்தேன். பீடியை எறிய மனம் வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குத் திரும்பினேன். மத்தியானம் அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்பில் போட்டாள். அன்று வாசலில் அல்ல, உள்ளே இலை போட்டாள்.

நாற்பதாவது நாள் மாமனார் வண்டி கட்டினார். பின்னால் இரண்டு மாடுகள். வண்டிக்குள் புதுக் கன்று, அவள், நான். பெரிய சாலை வழியாகவே போகச் சொன்னாள். ஒவ்வொரு கல் வரும்போதும் என் கையைப் பார்த்தாள். நானும் கல்லுக்கு ஒரு புளியங்கொட்டையாகக் கடித்துக்கொண்டே வந்தேன். பத்தாவது கல்லில் கடைவாய்ப் பல் உடைந்தது.

“ஐயோ, பல்லு போச்சே,” என்றேன்.

“ஒண்ணுதான போச்சு. இன்னும் முப்பத்தொண்ணு இருக்குதில்ல,” என்றாள்.

இப்போது பதினொன்று இருக்கின்றன. அவற்றிலும் நான்கு ஆடுகின்றன.