சிவப்பாகத் தெரிந்தால் பயிர் என்று அர்த்தம்!

விளைந்து நிற்கும் என் இரண்டு ஏக்கர் மஞ்சளைத் தாலுகா அலுவலகக் கணக்கில் "தரிசு" என்று எழுதிவிட்டார்கள்!

எழுதியவர் காட்டுக்கே வரவில்லை. (எங்கள் பக்கம் வயலுக்குக் காடு என்றுதான் பேர்.) மாசியில் எடுத்த ஒரே ஒரு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தாராம். பச்சை இல்லையாம்!

பயிர் இல்லாத நிலத்துக்கு விவசாய மின் இணைப்பு எதற்கு என்று நோட்டீஸும் வந்துவிட்டது. மோட்டார் நின்றால் அடுத்த வெள்ளாமை ஏது?

மாசியில் மஞ்சள் இலை காயாமல் வேறென்ன செய்யும்? இலை காய்ந்தால்தான் கிழங்கு முற்றியது என்று அர்த்தம்!

சரி, படம்தானே வேண்டும்?

எட்டாவது படித்தவன் (அதுவும் இரண்டு தடவை!) பத்து நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அந்தப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன! ஆனி முதல் மாசி வரை மாதத்துக்கு ஒன்று எடுத்தேன். (ஐப்பசி முழுக்க மேகம். அதற்கு நான் பொறுப்பில்லை.)

வீட்டுக்காரி கேட்டாள்: "ஏனுங்க, மஞ்ச வெட்ட ஆளுக்குச் சொல்லிப்போட்டேன். நீங்க மானத்துல என்னத்தைத் தேடுறீங்க?"

"நம்ம காட்டைத்தான்! கெடைச்சுபோச்சு, வந்து பாரு!"

இன்று காலை பிரிண்ட் எடுத்துப் போய்த் தாலுகா அலுவலக மேசையில் பரப்பினேன். அங்கிருந்த பெண் அதிகாரி பதறிவிட்டார்.

"அய்யோ! என்னங்கய்யா, காடே எரிஞ்சுபோச்சுங்களா?"

"எரியலீங்க அம்மணி! இது கண்ணுக்குத் தெரியாத ஒளியில எடுத்த படமுங்க, இதுல பயிரு செவப்பாத்தான் தெரியும். நல்லா செவந்திருந்தா நல்லா தழைஞ்சிருக்குதுன்னு அர்த்தமுங்க!"

ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். ஆனியில் வெறும் மண். ஆவணியில் லேசான சிவப்பு. மார்கழியில் குங்குமம் கொட்டியது போல! மாசியில் மறுபடியும் மண் நிறம்.

"கடைசியில மொத்தமும் போயிருச்சுங்களே?"

பையிலிருந்து மண் ஒட்டிய கிழங்கை எடுத்து அந்தக் கடைசிப் படத்தின் மேலேயே வைத்தேன்.

"போகலீங்க. கீழ எறங்கிருச்சு!"

அறை முழுக்கச் சிரிப்பு! அவரும் கிழங்கை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாளைக்கு மத்தியானம் நானே காட்டுக்கு வாரேனுங்க."

எழுபத்திரண்டு வயதில் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்!

இனி ஆக வேண்டியவை:

அதிகாரி அம்மணி நாளை வந்து, தரிசை அடித்துவிட்டு மஞ்சள் என்று எழுத வேண்டும்.

படம் பார்த்து எழுதியவர் இனிமேல் ஒரு மாதத்தை அல்ல, வருடம் முழுவதையும் பார்க்க வேண்டும்.

கோபி, சத்தி, பவானிப் பக்கம் மஞ்சள் போட்டிருப்பவர்கள் தங்கள் நிலத்தை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

நாளைக் காலை ஆறு மணிக்கு வரும் வெட்டு ஆட்கள், மத்தியானம் வரை ஒரு கிழங்கைக்கூடத் தொடக் கூடாது.

(இதை என் வீட்டுக்காரியிடம் உங்களில் யாராவது ஒருவர் போன் செய்து சொல்ல வேண்டும்!)